சிறைக்குள் 3 வார இருமல்: தம்பிக்காக எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது?

கேள்வி: என் தம்பிக்கு வயது 27. விசாரணைக் கைதியாக 7 மாதமாகச் சிறையில் இருக்கிறான். ஒரே கூடத்தில் 40 பேர். அடுத்த படுக்கையில் இருந்தவருக்குக் காசநோய் என்று 10 நாளைக்கு முன் எங்கோ கூட்டிப் போய்விட்டார்கள். தம்பிக்கும் 3 வாரமாக இருமல். 2 முறை இருமல் மருந்தும், ஒரு தடவை 5 நாள் மாத்திரையும் கொடுத்தார்களாம். ஆள் பாதியாகிவிட்டான். "டிபின்னு பேச்சு வந்தா தனிக் கொட்டடியில போட்டுடுவாங்க, அடுத்த மாச ஜாமீன் விசாரணைக்கும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. நீ எதுவும் கேக்காதேக்கா" என்கிறான். நான் கேட்பதா, வேண்டாமா? 3 வயது மகளையும் தூக்கிக்கொண்டுதான் அவனைப் பார்க்கப் போகிறேன். அவளுக்கு ஒட்டுமா? அவன் கொடுத்தனுப்பும் துணிகளைத் தனியாகக் கொதிநீரில் போட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள். 2 வாரம் தாண்டியும் நிற்காத இருமல், எடைக் குறைவு, பக்கத்தில் படுத்தவருக்கு நோய் உறுதி. இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருக்கும்போது சளியைப் பரிசோதிக்காமல் இருமல் மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பதைச் சிகிச்சை என்று சொல்ல முடியாது. அது வெறும் காலங்கடத்தல். அதற்காக உங்கள் தம்பிக்குக் காசநோய்தான் என்று நான் முடிவு கட்டவில்லை. புகைபிடிப்பவரின் இருமல், ஆஸ்துமா, வேறு நுரையீரல் தொற்று என்று எதுவாகவும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளப் பரிசோதனையைத் தவிர வேறு வழியில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

அடுத்த சந்திப்பில் சில விவரங்களைத் தேதியோடு வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். இருமல் எந்த வாரம் தொடங்கியது? மாலையில் காய்ச்சல் வருகிறதா? இரவில் சட்டை நனைகிற அளவு வியர்க்கிறதா? சளியில் ரத்தம் வந்ததா? பசி எப்படி? சிறைக்குள் சேர்த்த நாளில் எடை பார்த்துப் பதிவேட்டில் எழுதியிருந்தால், அந்த எண்ணும் இன்றைய எடையும் வேண்டும். "இளைத்துவிட்டான்" என்பதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "7 மாதத்தில் இத்தனை கிலோ குறைந்திருக்கிறது" என்று எழுத்தில் வந்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று: அந்த 5 நாள் மாத்திரையின் பெயர். பெயர் "ஃப்ளாக்சசின்" என்று முடிந்தால் (லெவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின்) அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். இருமல் சில நாள் தணிந்து, பிறகு திரும்பி வரும். அந்த இடைவெளியில் எடுத்த சளியில் கிருமி தென்படாமல் போகலாம். நோய் கண்டுபிடிக்கப்படுவது தள்ளிப்போகும், கிருமி அந்த மருந்துக்குப் பழகியும் விடலாம்.

சிறைக்குள் இந்த நோய் ஏன் இப்படிப் பரவுகிறது என்று புரிந்தால் எதைக் கேட்பது என்பதும் தெளிவாகும். காசநோய் தட்டிலும் தம்ளரிலும் கைகுலுக்கலிலும் ஒட்டுவதில்லை. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள நுண்துளிகள் வெளியே வருகின்றன. அவை தரையில் விழாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். ஓர் அறையின் காற்று மணிக்கு 12 முறை மாறினால் மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் 23 நிமிடத்தில் வெளியேறிவிடும். மணிக்கு 2 முறைதான் மாறுகிறது என்றால் அதே வேலைக்கு 138 நிமிடம் ஆகும். அதற்குள் நோயாளி இன்னும் எத்தனையோ முறை இருமியிருப்பார். மாலையில் பூட்டிக் காலையில் திறக்கும் கூடத்தில், குளிருக்கோ கொசுவுக்கோ பயந்து சன்னலைத் துணியால் அடைத்தும் வைத்தால், 40 பேரும் இரவு முழுக்க ஒரே காற்றை மாற்றி மாற்றிச் சுவாசிக்கிறார்கள். சத்துக் குறைவு, எச்.ஐ.வி., புகை, போதை ஊசி, சர்க்கரை நோய் ஆகியவை அதன்மேல் சேரும்போது, உள்ளே புகுந்த கிருமி நோயாக முற்றுகிறது. 2019-இல் உலகம் முழுவதும் சிறைகளில் ஏறத்தாழ 1,25,000 பேருக்குக் காசநோய் வந்திருக்கும் என்றும், அவர்களில் பாதியை ஒட்டிய எண்ணிக்கையினரே கண்டறியப்பட்டார்கள் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். மீதிப் பேர் பெயரில்லாத இருமலோடு கூடத்திலேயே இருந்தார்கள். சிகிச்சை தொடங்காத அந்த நாட்களில்தான் நோய் பெருமளவு பரவுகிறது.

பரிசோதனைக்கு வருவோம். "சளிப் பரிசோதனை" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய முறையில் 1 மி.லி. சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். நோயின் தொடக்கத்தில் இருப்பவர்கள் பலர் அதில் தப்பிவிடுவார்கள். "கிருமியின் மரபணுவைப் பார்க்கும் விரைவுச் சோதனை, ஜீன் எக்ஸ்பர்ட் அல்லது அதற்கு இணையானது" என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2010 முதல் இதைப் பரிந்துரைக்கிறது. கருவியில் வைத்த 2 மணி நேரத்துக்குள் கிருமி இருக்கிறதா என்பதோடு, முதன்மை மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடும். பக்கத்துப் படுக்கைக்காரரின் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத ரகமாக இருந்திருந்தால், அந்தத் தகவல் இல்லாமல் உங்கள் தம்பிக்குக் கொடுக்கும் மருந்து வீண்.

சளி எடுப்பதில்தான் பாதித் தவறு நடக்கிறது. காவலர் அவசரப்படுத்த, எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். முடிவு "கிருமி இல்லை" என்று வரும். இல்லாமல் போனது சளிதான். தம்பியிடம் இப்படிச் சொல்லுங்கள்: காலையில் எழுந்ததும், வாயை வெறும் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும். திறந்த வெளியில், மற்றவர்களிடமிருந்து தள்ளி நிற்க வேண்டும். 2 முறை ஆழமாக மூச்சிழுத்துச் சில நொடி நிறுத்தி விட்டு, மூன்றாவது முறை மூச்சிழுத்து நெஞ்சின் அடியிலிருந்து இரும வேண்டும். கெட்டியான சளி 3 முதல் 5 மி.லி., அதாவது ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாகவோ ஒரு தேக்கரண்டியோ வேண்டும். டப்பா மூடியைத் திருகி இறுக்க வேண்டும். பெயரும் தேதியும் மூடியில் அல்ல, டப்பாவின் உடலில் எழுதப்பட வேண்டும். மூடிகள் ஆய்வகத்தில் மாறிப்போகும். ஒரு சுகாதாரப் பணியாளர் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் நல்லது. இதைக் கேட்டுத் தம்பி கோபப்படலாம். ஆனால் நல்ல சாப்பாட்டுக்காகவோ, மருத்துவமனைக்கு மாறுவதற்காகவோ நோயாளியின் சளியை வாங்கித் தன்னுடையது என்று கொடுத்தவர்களும் உண்டு, நோயை மறைக்க அடுத்தவர் சளியைக் கொடுத்தவர்களும் உண்டு. பல நாட்டுச் சிறைகளில் பார்த்த விஷயம்தான் இது.

ஒரு முறை "இல்லை" என்று வந்தால் கதை முடிந்ததாகக் கொள்ள வேண்டாம். மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதில் நிழல் தெரிந்தாலோ இருமல் தொடர்ந்தாலோ, மறுபடி சளி எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்ப வேண்டும். அதன் முடிவுக்கு 6 முதல் 8 வாரம் வரை ஆகலாம்.

வாயால் கேட்டது காற்றில் போகும், எழுதிக் கொடுங்கள். சிறை மருத்துவருக்கு ஒன்று, சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒன்று, வழக்கறிஞருக்கு ஒரு நகல், உங்களிடம் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தோடு ஒரு நகல். அரைப் பக்கம் போதும்:

"இன்னார், கைதி எண் இன்னது, கூடம் இன்னது. இந்தத் தேதி முதல் இருமல். எடை இத்தனை கிலோவிலிருந்து இத்தனை கிலோவாகக் குறைந்துள்ளது. இதே கூடத்தில் அடுத்த படுக்கையில் இருந்தவருக்கு இன்ன தேதிவாக்கில் காசநோய் உறுதியானதாக அறிகிறோம். இந்த மருந்துகள் கொடுத்தும் குணமில்லை. ஜீன் எக்ஸ்பர்ட் அல்லது இணையான சளிச் சோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் உடனே செய்து, முடிவை எழுத்தில் தருமாறு கேட்கிறோம். அந்தக் கூடத்தில் இருந்த அனைவரையும், அங்கே பணிபுரியும் காவலர்களையும் பரிசோதிக்க வேண்டுகிறோம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அதே காற்றைத்தான் காவலர்களும் சுவாசித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு கைதியின் புகாராகப் பார்க்கப்படும் காகிதம் அந்த வரியால் எல்லோருடைய பிரச்சினையாகவும் மாறும்.

கூடவே தம்பியிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள்: "என் மருத்துவப் பதிவுகளைப் பார்க்க என் அக்காவுக்கு அனுமதி தருகிறேன்." ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்ற கைதிகளுக்கான குறைந்தபட்ச விதிகள், நெல்சன் மண்டேலா விதிகள் என்று அழைக்கப்படுபவை, இதற்கு இடம் தருகின்றன. 26-ஆம் விதிப்படி கைதி தன் மருத்துவக் கோப்பைப் பார்க்கலாம், தன் சார்பாகப் பார்க்க வேறொருவரையும் நியமிக்கலாம். 24-ஆம் விதி வெளியில் கிடைக்கும் அதே தர மருத்துவம் உள்ளேயும் கிடைக்க வேண்டும் என்கிறது. காசநோய்ச் சிகிச்சை அறுபடாமல் தொடர வேண்டும் என்று நோயின் பெயரையே குறிப்பிடுகிறது. 27-ஆம் விதி, மருத்துவ முடிவை மருத்துவப் பணியாளர்தான் எடுக்க வேண்டும், சிறை அதிகாரி அதை மாற்றக் கூடாது என்கிறது. இவை தாமாகவே எந்த நாட்டிலும் சட்டம் ஆகிவிடாது. ஆனாலும் மனுவில் விதி எண்ணோடு எழுதும்போது எடை கூடும். உள்நாட்டுச் சிறை விதிகளில் இதற்கு இணையானது எது என்று வழக்கறிஞர் சேர்த்துக்கொள்வார்.

தம்பியின் பயத்துக்கு வருகிறேன். அது வெறும் கற்பனை இல்லை, எனவே தட்டிக்கழிக்காதீர்கள். இருமும் நோயாளியைச் சில காலம் தனியே வைப்பது அவசியம். 30-ஆம் விதியும், தொற்றக்கூடிய காலத்தில் மருத்துவக் காரணத்துக்காகத் தனிமைப்படுத்திச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது. ஆனால் மருத்துவத் தனிமை வேறு, தண்டனைக் கொட்டடி வேறு. சன்னல் இல்லாத தண்டனை அறையில் நோயாளியைப் போடுவது மருத்துவப்படியும் தவறு, காற்று அங்கேதான் மிகக் குறைவு. தனிமை என்றால் வெளிப்புறம் திறக்கும் சன்னல் உள்ள அறை, நாளுக்கு 1 மணி நேரமாவது திறந்த வெளி, கடிதம், வழக்கறிஞர் சந்திப்பு, சாப்பாடு எல்லாம் குறையாமல் இருக்க வேண்டும். வெளியே அழைத்துச் செல்லும்போது நோயாளிக்குச் சாதாரண அறுவைச் சிகிச்சை முகக்கவசம், உடன் வருபவர்களுக்கு என்95 ரகக் கவசம் என்றிருந்தால் நீதிமன்றத்துக்குப் போவதையும் ஏற்பாடு செய்ய முடியும். காணொளி வழி ஆஜராகும் வசதி இருக்கிறதா என்று வழக்கறிஞரை முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள்.

எத்தனை நாள் தனிமை? சரியான மருந்து உள்ளே போனதும் பரப்பும் திறன் வேகமாகக் குறையும். கூட்டமாக வாழும் இடம் என்பதால், சுமார் 2 வாரச் சிகிச்சை, இருமலும் காய்ச்சலும் தணிவது, நுண்ணோக்கிச் சோதனையில் கிருமி இல்லாமை ஆகிய மூன்றையும் பார்த்துத் திருப்பி அனுப்புவது வழக்கம். மருந்துக்குக் கட்டுப்படாத ரகம் என்றால் நீளும். சாதாரண ரகத்துக்கு மாதக்கணக்கில் அடைத்து வைத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

தனிமையைவிட நான் அஞ்சுவது இன்னொன்றுக்கு. இருமுகிறவர்களையெல்லாம், முடிவு வருவதற்கு முன்பே, ஒரே "டிபி அறையில்" சேர்த்துவிடுவார்கள். நோயே இல்லாதவருக்கு அங்கே நோய் வரும். சாதாரண ரகக் கிருமி உள்ளவர் கட்டுப்படாத ரகத்தை வாங்கிக்கொள்வார். 1990களில் முன்னாள் சோவியத் நாடுகளின் சிறைகளில் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் மலிந்ததற்கு, அரைகுறைச் சிகிச்சையோடு இந்தக் கலப்பும் காரணம். சந்தேகத்தில் இருப்பவர், சாதாரண ரகம் உறுதியானவர், கட்டுப்படாத ரகம் உள்ளவர் என மூவகையினரும் ஒரே காற்றில் இருக்கக் கூடாது. அப்படி ஓர் அறைக்குத் தம்பியை மாற்றப்போவதாகத் தெரிந்தால் வழக்கறிஞர் மூலம் அன்றைக்கே எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள்.

நோய் உறுதியாகி, ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் ரகம் என்றும் தெரிந்தால், வழக்கமான சிகிச்சை 6 மாதம். முதல் 2 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என 4 மருந்து. அடுத்த 4 மாதம் முதல் இரண்டு மட்டும்; இந்தியாவில் எத்தாம்பியூட்டாலும் சேர்ந்து மூன்று. பெரும்பாலும் எல்லாம் சேர்ந்த ஒரே மாத்திரையாக வரும். நாளுக்கு எத்தனை என்பதை உடல் எடைதான் முடிவு செய்யும். எடை ஏறும்போது எண்ணிக்கையும் மாற வேண்டும், இதைப் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் போடுவது நல்லது. குமட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம், விடுவதைவிட அது மேல். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளாதல், விடாத வாந்தி, வலப்பக்க மேல்வயிற்று வலி, பார்வை மங்கல் அல்லது சிவப்பும் பச்சையும் குழம்புவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கால் எரிச்சலும் மரமரப்பும் வந்தால் பைரிடாக்சின் என்ற பி6 வைட்டமின் தேவைப்படும். குடிப்பழக்கம், சத்துக் குறைவு, சர்க்கரை நோய், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதை முதல் நாளிலிருந்தே கொடுப்பார்கள். எச்.ஐ.வி. சோதனையும் செய்துகொள்ள வேண்டும். வேறு மாத்திரை எது சாப்பிட்டாலும் மறைக்கக் கூடாது. ரிஃபாம்பிசின் பல மருந்துகளின் வேகத்தைக் குறைத்துவிடும். குறிப்பாக, போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கான மெத்தடோன் மருந்தை எடுப்பவருக்கு அளவைக் கூட்டாவிட்டால் சில நாளில் தவிப்பு தொடங்கி, காசநோய் மருந்தையே தூக்கி எறிந்துவிடுவார்.

மருந்தைப் பணியாளர் முன்னால் விழுங்க வைப்பதைத் தம்பி அவமானமாக நினைக்க வேண்டாம். சிறைக்குள் மாத்திரை ஒரு நாணயம். சிகரெட்டுக்கு மாறும், மிரட்டிப் பிடுங்கவும் படும். கண் முன்னால் விழுங்கியவரிடம் பிடுங்க எதுவும் இருக்காது. நீதிமன்ற நாட்களில்தான் அதிகம் தவறுகிறது: விடியலில் வண்டி, இரவில் திரும்புதல், மருந்து நேரம் போய்விடும். அந்த நாட்களுக்குப் புறப்படும் முன்பே கொடுக்கும்படி அட்டையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் விட்டுவிட்டால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது. முதல் 2 மாதத்தில் தொடர்ந்து 14 நாளோ அதற்கு மேலோ விட்டுப்போனால், பொதுவாக முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். 2-ஆம் மாத முடிவில் சளியை மறுபடி பார்ப்பார்கள். அப்போது நுண்ணோக்கியும் வளர்ப்புச் சோதனையும்தான் சரி. செத்த கிருமியின் மரபணுவையும் ஜீன் எக்ஸ்பர்ட் காட்டிவிடும், வீண் பீதி வரும்.

நோய் இல்லை என்று முடிவானாலும் வேலை கொஞ்சம் மீதி இருக்கிறது. கிருமி உள்ளே புகுந்தவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் நோய் வரும், அதில் பாதி முதல் 2 ஆண்டுகளிலேயே வந்துவிடும். எனவே தம்பிக்குத் தடுப்புச் சிகிச்சை தேவையா என்று கேளுங்கள். வாரம் ஒரு முறை வீதம் 12 வேளை எடுக்கும் ஐசோனியாசிட், ரிஃபாபென்டின் கூட்டு அதில் ஒன்று, 6 மாதம் தினமும் ஐசோனியாசிட் இன்னொன்று. ஆனால் இருமல் இருக்கும்போது, நோய் இல்லை என்று உறுதியாகாமல் இதைத் தொடங்கக் கூடாது. முழு நோய்க்கு அரை மருந்து கொடுத்தது போலாகிவிடும்.

ஜாமீன் கிடைத்தால் மகிழ்ச்சிதான். சிகிச்சை அறுந்துபோகும் அபாயம் மிக அதிகமாக இருப்பதும் அந்த நாளில்தான். மாலை 6 மணிக்குக் கதவு திறக்கும், மருந்தகம் பூட்டியிருக்கும், அட்டை உள்ளேயே இருக்கும். அதனால் சிகிச்சை தொடங்கும் நாளிலேயே விடுதலைக்கான ஏற்பாட்டையும் கேட்டு வையுங்கள். வெளியே எந்த மருத்துவ நிலையம், அங்கே யாரைப் பார்ப்பது என்பது அட்டையில் எழுதப்பட வேண்டும். சோதனை முடிவுகளின் நகலும், எத்தனை வேளை முடிந்தது என்ற கணக்கும், அந்த நிலையத்துக்குப் போய்ச் சேரும் வரைக்கான மருந்தும் அவர் கையில் இருக்க வேண்டும். முடிவு வருவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டால், முடிவை யாருக்குத் தெரிவிப்பது என்று உங்கள் தொலைபேசி எண்ணை ஆய்வகப் படிவத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். வேறு சிறைக்கு மாற்றினாலும் இதே கணக்குதான். கோப்பு அவரோடு போனதா என்று அடுத்த வாரமே விசாரியுங்கள்.

உங்கள் மகளைப் பற்றி: கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலோ, திறந்த வெளியிலோ சில நிமிடம் பார்த்ததில் ஆபத்து மிகக் குறைவு. மூடிய சிறிய அறையில் மடியில் வைத்து மணிக்கணக்கில் இருந்திருந்தால் கதை வேறு. 5 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தொற்று ஏற்பட்டால் நோய் வேகமாக முற்றும், மூளைக்கும் போகலாம். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. அந்தக் கடும் வகைகளுக்கு நல்ல காவல் தரும் என்றாலும் முழுக் காவல் இல்லை. எனவே தம்பியின் முடிவு வரும் வரை அவளை அழைத்துப் போகாதீர்கள். நோய் உறுதியானால், அவர் இரும ஆரம்பிப்பதற்கு 3 மாதம் முன்பிருந்து நடந்த சந்திப்புகளை மருத்துவரிடம் சொல்லுங்கள், அவளுக்குச் சோதனையோ தடுப்பு மருந்தோ தேவையா என்று அவர் பார்ப்பார். இடையில் விடாத இருமல், காய்ச்சல், எடை ஏறாமை, விளையாட்டில் நாட்டமில்லாமை தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்.

துணிகளைக் கொதிக்க வைக்க வேண்டியதில்லை. வீட்டுத் துணியோடு சேர்த்தே சோப்புப் போட்டுத் துவைக்கலாம்.